அடக்கி வைத்தது

ஜூலை 6, ஞாயிறு

டாக்டர் ஹமீது மூன்று நாள் கணக்கு எழுதிவரச் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்குச் சிறுநீர் போனேன், எவ்வளவு போனேன், அவசரமாக வந்ததா, இரவில் எத்தனை தடவை எழுந்தேன், என்னென்ன குடித்தேன். அவர் கொடுத்த தாளில் கட்டங்கள் சிறியவை. என் எழுத்து பெரியது. அதனால் மட்டக்கடைப் பக்கம் போய் இந்த நோட்டை வாங்கினேன்.

தாளில் கேட்டபடி: பெயர் சேசுராயன் மொத்தா. வயது 58. ஊர் தூத்துக்குடி. தொழில், துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் பெரிய கிரேன் ஓட்டுவது. இருபத்தொரு வருடம். வேறு நோய் எதுவும் இல்லை.

காலை 5.10 – 110 மி.லி. நின்ற நேரம் மூன்று நிமிடம். விட்டுவிட்டு வந்தது.

6.50 – 60.

8.15 – 70. வெளியே வந்த பிறகு மறுபடி சொட்டியது.

அளப்பதற்கு என் மனைவி பிலோமி ஒரு பழைய சர்பத் பாட்டிலின் கழுத்தை அறுத்து, நகப்பூச்சால் ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டுத் தந்தாள். "இது இனிமே அடுப்படிப் பக்கம் வரப்படாது" என்றாள். டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். ஒரு வருடமாகவே குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள என்ன, செபமாலை சொல்லுதியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், வெள்ளிக்கிழமை தானே போன் போட்டு நேரம் வாங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை துறைமுகத்தில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அன்று காற்று.

பிற்பகல் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். வியாழக்கிழமை நான் துவைத்துப் போட்ட காக்கிப் பேண்ட் இன்னும் கொடியிலேயே கிடக்கிறது. சரியாகப் பிழியத் தெரியவில்லை. மடித்து வைக்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

இன்று மறுபடி என்னை மேலே ஏற்றினார்கள். காலை ஆறு முதல் இரண்டு வரை.

டாக்டர் படிப்பார் என்பதால் என் வேலையைப் பற்றி எழுதிவைக்கிறேன். நான் உட்காரும் கூண்டு தரையிலிருந்து முப்பத்தாறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலடியில் கண்ணாடி. குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் சிக்னல்மேன் நிற்பார். கையாலும் வாக்கி-டாக்கியிலும் அவர் சொல்வதுதான் எனக்குக் கண். கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிறவர்களும் அவிழ்க்கிறவர்களும் அவர் பக்கத்திலேயே வேலை செய்வார்கள்.

கீழே இறங்க வேண்டுமென்றால் வாக்கி-டாக்கியில் மாற்று ஆள் கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். பதில் அந்தப் பக்கத்தில் வேலை செய்யும் நாற்பது பேருக்கும் கேட்கும். லிப்டில் ஆள் மேலே வந்து சேரப் பதினைந்து நிமிடம், அதுவரை கப்பல் சும்மா நிற்கும். அதனால் யாரும் கேட்பதில்லை. சில பேர் பாட்டில் கொண்டுபோவார்கள். எனக்குப் பாட்டில் சரிப்படாது. நின்று மூன்று நிமிடம் காத்திருந்தால்தான் வரும்.

காலை 4.50 – 120. ஒரு வாய் காபி.

பகல் 2.25 – 80. தண்ணீர் குடிக்கவில்லை.

சிக்னல்மேன் இன்று புது ஆள். பழைய ஆள் ஐகோர்ட்துரையை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

இரவில் ஐந்து முறை. எல்லாம் ஐம்பது, அறுபது. பகலில் மேலே இருந்தபோது எதுவும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரியில் சிறுநீர் வேகம் பார்க்கும் சோதனை.

சின்ன அறை. ஒரு ஸ்டாண்டில் பெரிய புனல், அதன் கீழே ஒரு ஜாடி, ஜாடியிலிருந்து ஒரு ஒயர் சுவரைத் தாண்டி வெளியே கம்ப்யூட்டருக்குப் போகிறது. நர்ஸ் பெயர் வடிவு. ஐம்பது வயது இருக்கும், கண்டிப்பான குரல்.

"வயிறு முட்டினப்புறம் சொல்லுங்க. கதவச் சாத்திக்கிட்டு எப்பவும் போற மாதிரிப் போங்க. நான் எட்டிப் பாக்கமாட்டேன். எவ்வளவு வேகத்துல வருதுன்னு மிஷினே கோடு போட்ரும்."

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தேன். முக்கால் மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். முட்டியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வரவில்லை. வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது. வடிவு யாரிடமோ போனில் வெண்டைக்காய் விலை பேசுவது கேட்டது. குழாயைத் திறந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் வந்தது.

"தொண்ணூறு மில்லிதான் அண்ணாச்சி. நூத்தம்பதாவது போனாத்தான் கணக்குல எடுக்க முடியும்" என்றாள் வடிவு.

இரண்டாம் தடவை அதுவும் இல்லை. பிறகு வரச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் இந்த நோட்டைப் புரட்டினார். ரத்தச் சோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, புற்றுநோய் அறிகுறி தெரியவில்லை, புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை நெருக்குகிறது, வயதான ஆண்களுக்கு வருவதுதான் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். பிறகு ஏழாம் தேதியில் விரலை வைத்தார்.

"காலை அஞ்சு மணிக்கு அப்புறம் ரெண்டரை மணி. நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

"தண்ணி குடிக்கமாட்டேன் சார்."

"அப்பவும் அவசரம் வருமே. மேல இருக்கும்போது வந்தா என்ன பண்றீங்க?"

"வராது சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ஜூலை 12, சனி

மூன்று நாள் கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். பழகிவிட்டது.

மாலை ஐகோர்ட்துரை வந்தான். பதினோரு வருடம் எனக்குச் சிக்னல் கொடுத்தவன். குரும்பூர்க்காரன். அப்பா ஒரு வழக்கில் ஜெயித்த வருடம் பிறந்ததால் அந்தப் பெயர். நாற்காலியில் உட்காராமல் வாசல்படியிலேயே நின்றான்.

"அண்ணே, இருபத்தெட்டாம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லி லெட்டர் வந்திருக்கு."

"ம்."

"நான் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுனேம்லா? வாக்கி-டாக்கியிலயும் கத்துனேன். நீங்க பாத்தியளா இல்லையா?"

"அன்னைக்குக் காத்து வேகம் துரை."

"காத்து இல்லண்ணே. கிரேன்ல காத்து அளக்குற மிஷின் இருக்குல்லா? அதுல பதிவாயிருக்கு, காத்தே இல்லன்னு. அதான் என்மேல வந்து நிக்குது." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். எடுத்தவன் நீட்டவில்லை. "சிக்னல் தெளிவாக வரவில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கிய."

பிலோமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் குடிக்கவில்லை.

"அமல்தாஸ் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். கன்டெய்னர் ஊசலாடி இடித்தது அவனைத்தான். கம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தான். முப்பத்துநான்கு வயது.

"இடுப்பெலும்பு, தொடையெலும்பு ரெண்டும் போச்சு. நீங்க இன்னும் போய்ப் பாக்கலியாண்ணே?"

வேலை அதிகம் என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

மூக்கடைப்பு, தும்மல். மேல்காற்றில் நிலக்கரித் தூசி. மருந்துக் கடையில் ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்டேன், இரண்டு வேளைக்குக் கொடுத்தார்கள்.

ஜூலை 16, புதன்

இன்னும் இரண்டு மாத்திரை. நன்றாகத் தூங்கினேன். இரவு ஒரே ஒரு முறைதான் எழுந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது இது.

காலை ஆறு மணிக்கு மேலே ஏறும்போதே அடிவயிறு கனத்தது. வீட்டில் நின்று பார்த்தும் சொட்டுக்கூட வரவில்லை. வேலையில் மறந்துவிடும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு வயிறு கல்லாகிவிட்டது. கன்டெய்னரைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் யாரோ உள்ளே முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. ஒன்பது மணிக்கு வியர்வை கண்ணில் வழிந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த தளம் மங்கியது. கீழே மூன்று பேர் கம்பி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பி. மூன்று மஞ்சள் புள்ளி. இரண்டாகத் தெரிந்தது, மறுபடி மூன்றாகத் தெரிந்தது.

தூக்கிய கன்டெய்னரைத் திரும்பக் கப்பலிலேயே இறக்கி வைத்தேன். லிவரிலிருந்து கையை எடுத்தேன். வாக்கி-டாக்கியை அழுத்தி, மாற்று ஆள் வேண்டும் என்றேன்.

"என்னண்ணே, என்ன விசயம்?"

"வயித்துவலி."

அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.

லிப்டில் இறங்கும்போது நிற்க முடியவில்லை. ஆம்புலன்சில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. வடிவு குழாயைச் செருகிய ஒரே நிமிடத்தில் என் உயிர் திரும்பி வந்தது. அதுதான் நினைவிருக்கிறது. பை நிறைந்து, அடுத்த பையும் மாட்டினாள்.

"ஆயிரத்து நூறு. இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி கிரேன் ஓட்டுனீங்க?"

டாக்டர் நான் சாப்பிட்ட ஜலதோஷ மாத்திரையின் அட்டையைக் கேட்டார். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். வீக்கம் இருக்கிறவர்களுக்கு அந்த மாத்திரை பாதையை இறுக்கி அடைத்துவிடுமாம். என்ன சாப்பிடுவதாக இருந்தாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். ஒரு வாரம் குழாயோடு இருக்க வேண்டும்.

பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டில் ஓரத்தில் பை தொங்குகிறது. பிலோமி பூசைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. இப்போது எழுதாவிட்டால் எப்போதுமே எழுதமாட்டேன்.

ஜூலை 3ஆம் தேதி காற்று இல்லை.

பதினொன்றே முக்கால் இருக்கும். அரை மணி நேரமாக அடக்கிக்கொண்டிருந்தேன். அப்படி எத்தனையோ நாள் அடக்கியிருக்கிறேன். அன்று கன்டெய்னர் தளத்துக்கு மேலே வரும்போது திடீரென்று முறுக்கிக்கொண்டு வந்தது. காலை இறுக்கினேன். கண்ணை மூடினேன். நான்கு விநாடி, ஐந்து விநாடி இருக்கலாம். கை லிவரில்தான் இருந்தது. துரையின் குரல் கேட்டது. "நிறுத்து, நிறுத்து" என்று தெளிவாகக் கேட்டது. கேட்டும் கை நகரவில்லை. உடம்பில் இருந்த பலம் முழுவதும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது கன்டெய்னர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அமல்தாஸ் கப்பலின் கம்பி வேலியோரம் கிடந்தான்.

அதன் பிறகு பேண்ட் நனைந்தது. கீழே எல்லோரும் அவனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மேலே என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடியில் ஊற்றிக்கொண்டேன். பதற்றத்தில் தண்ணீர் கொட்டிவிட்டது என்று மேலே வந்தவர்களிடம் சொன்னேன். ஒருவன் அங்கே ரத்தத்தில் கிடக்கிறான், நான் அந்த நேரத்தில் யோசித்தது இதைத்தான்.

சாயங்காலம் அதிகாரி என்ன நடந்தது என்று கேட்டார். சிக்னல் தெளிவாக வரவில்லை என்றேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பை: காலை 700, மாலை 650.

துரையின் நம்பரை இரண்டு முறை எடுத்தேன். அழுத்தவில்லை.

ஜூலை 24, வியாழன்

குழாயை எடுத்தார்கள். மதியம் மறுபடி அதே அறை, அதே புனல்.

இந்த முறை 190 போனேன். கோடு வந்தது. டாக்டர் தாளை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு நல்ல ஆளின் கோட்டையும் வைத்துக் காட்டினார். அது சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும் குன்று. என்னுடையது தேரிக்காட்டு மணல்மேடு மாதிரி, தாழ்வாக, நீளமாக, நடுவே பள்ளம் பள்ளமாக. உச்ச வேகம் ஒரு விநாடிக்கு ஐந்து மில்லி. பதினைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். முடிக்க எழுபத்துநான்கு விநாடி. ஸ்கேனில் பார்த்தால் உள்ளே இன்னும் 210 மிச்சம்.

"இது எத்தன நாளா இருந்திருக்கும் சார்?"

"இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ரெண்டு மூணு வருஷமா இருக்கும். ஆபரேஷன் பண்ணிடலாம், வெளிய கத்தி வைக்க வேண்டாம், அந்தப் பாதை வழியாவே செதுக்கி எடுத்துடலாம்."

"ரெண்டு மூணு வருசம்னு எழுதித் தருவீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "எதுக்கு?"

"கம்பெனிக்கு."

"மொத்தா, இதைக் காட்டினா உங்களை மேல ஏத்தமாட்டாங்க. ஆபரேஷன் முடியட்டும். ஆறு வாரத்துல நல்லாயிடுவீங்க. அப்ப ஃபிட்டுன்னே எழுதித் தர்றேன். இப்ப எதுக்கு அவசரம்?"

திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றேன். எழுதித் தந்தார். கோடு போட்ட தாளையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பைபிளுக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 25, வெள்ளி

கொடுக்காமலும் இருக்கலாம். துரைக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று கூட்டாளி ஒருவர் சொன்னார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோவில் கொடியேற்றம். கூட்டத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கழிப்பறை இருக்கும் இடத்தை முதலில் பார்த்துவைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்துச் சுவரோரம் நானும் பிலோமியும் நின்றோம். கொடி ஏறியது, புறா பறந்தது, எல்லோரும் "மரியே வாழ்க" என்றார்கள். அந்தச் சத்தத்தில் அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

அவள் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"முப்பத்திரண்டு வருசத்துல ஒரு கைக்குட்டைய நீங்க துவைச்சதுண்டா? அன்னைக்கு மட்டும் பேண்ட எடுத்துட்டுத் துவைகல்லுக்குப் போறிய. சோப்பு எங்கன்னுகூட உங்களுக்குத் தெரியல."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "துரை பொண்டாட்டி நம்ம மார்க்கெட்டுக்குத்தான் வாறா. தெனம் என்னப் பாத்ததும் சிரிக்கா. ஒங்க வீட்டுக்காரரு இருக்காவ, எங்காளுக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லிட்டுப் போறா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சிரிக்கட்டும்?"

ஜூலை 28, திங்கள்

விசாரணை பதினோரு மணிக்கு. நான் பத்து மணியிலிருந்து மூன்று முறை கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் துரை, இஸ்திரி போட்ட சட்டையுடன். சங்கத்தைச் சேர்ந்த இருவர். சாட்சி சொல்ல வந்த கிரேன் ஓட்டுநர்கள் நான்கு பேர் சுவரோரம். துரை என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தான். அப்போதும் என்மேல் நம்பிக்கை வைத்திருந்தான் போல.

நடுவில் இருந்தவர் என் தாளைப் படித்தார். "சிக்னல் தெளிவாக வரவில்லை. இதுல ஏதாவது சேர்க்கணுமா மிஸ்டர் மொத்தா?"

"அது பொய் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துரை சிக்னல் தந்தாரு. கையாலயும் காட்டுனாரு, சத்தமும் குடுத்தாரு. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிறுத்தல. நான் கண்ண மூடியிருந்தேன்."

"ஏன்?"

இந்த இடத்துக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். உடல்நலக் குறைவு, மருத்துவக் காரணம் என்றெல்லாம். வாய் திறந்தபோது அது எதுவும் வரவில்லை.

"ஒண்ணுக்கு வந்துச்சு சார். அடக்க முடியல."

சுவரோரம் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நான் கோடு போட்ட தாளை மேசையில் வைத்தேன். அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்ன இது என்றார். திருப்பி வைத்துக் காட்டினேன். இது நான் சிறுநீர் போகும் வேகம், இவ்வளவுதான் வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும், அதனால் திரும்பத் திரும்ப முட்டும், இரண்டு வருடமாக இப்படித்தான், டாக்டர் எழுதித் தந்திருக்கிறார் என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் பத்துப் பேருக்கு முன்னால் இதைச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா தெரிஞ்சும் மேல ஏறினீங்களா?"

"ஏறினேன் சார்."

"ஒரு தடவையாவது மாற்று ஆள் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன் கேக்கல?"

தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பிறகு அவர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வராந்தாவில் துரை நின்றான். ஏதாவது சொல்வான், கையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

"இருபத்தஞ்சு நாளு, அண்ணே" என்றான். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கடிதம் வந்தது. துரையை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தற்காலிக வேலை நீக்கம். மேல் நடவடிக்கை பிறகு. இனிமேல் எந்தக் கிரேனையும் நான் ஓட்டக் கூடாது, ஆபரேஷனுக்குப் பிறகும்.

பிலோமி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மத்தியானம் விலை கூடிய சீலா மீனில் குழம்பு வைத்தாள். விருந்தாளி எவரும் வராத வெள்ளிக்கிழமையில்.

ஆகஸ்ட் 9, சனி

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. முதுகில் ஊசி போட்டுவிட்டுச் செய்தார்கள். விழித்துக்கொண்டேதான் இருந்தேன். பையில் சிவப்பாக வருகிறது. இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்றாள் வடிவு. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்று லிட்டர். வருடக்கணக்கில் பயந்த தண்ணீரை மணி பார்த்துக் குடிக்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுவரோரம் சிரித்தது அருள்ராஜ் என்று எனக்குத் தெரியும். இன்று அவன்தான் வீட்டுக்கு வந்தான். நாற்பத்தொன்பது வயது, மூன்றாம் நம்பர் கிரேன். அரை மணி நேரம் கப்பல், சம்பளம், சங்கம் என்று பேசினான். செருப்பு மாட்டும்போது, "அண்ணே, அந்த டாக்டரு என்னைக்கெல்லாம் இருப்பாரு?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான். சொன்னேன். ஜலதோஷ மாத்திரை விஷயத்தையும் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

புனலுக்கு முன்னால் மூன்றாம் முறை. அழுத்தவே இல்லை, தானாக வந்தது. எனக்கே சத்தம் புதிதாக இருந்தது. உச்ச வேகம் பத்தொன்பது. மிச்சம் முப்பது. வடிவு தாளைக் கிழித்துக் கையில் கொடுத்து, "பாஸ்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இனி தள்ளிப்போடக் காரணம் எதுவும் இல்லை என்று தோன்றியது. குழாய், ஆபரேஷன், புண் ஆறவில்லை. எல்லாம் தீர்ந்துபோயிற்று.

செப்டம்பர் 3, புதன்

திரேஸ்புரத்தில் அமல்தாஸ் வீடு. ஒற்றை அறை. கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்தான். தொடையில் நான்கு இரும்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் முகம் சுருங்கிப் பையன் மாதிரி ஆகிவிட்டான்.

"யாரு? மொத்தா அண்ணனா? உள்ள வாங்க."

நான் நின்றேன். வழியெல்லாம் தயார் செய்த வார்த்தைகளைச் சொன்னேன். என்னால்தான் என்றேன். வந்து பார்க்காததும் பயத்தால்தான் என்றேன்.

"தெரியும். துரை அண்ணன் சொன்னாவ" என்றான். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வாக்கி-டாக்கி கையிலதான இருந்துச்சு? ஒரு வார்த்தை. ஒண்ணுக்கு வருது, ஆள அனுப்புன்னு. என்னண்ணே ஆயிருக்கும்?"

"சிரிச்சிருப்பாவ."

"யாரு, நானா?"

"எல்லாரும்தான்."

"ஆமா, நானும் சிரிச்சிருப்பேன்" என்றான். யோசித்துத்தான் சொன்னான். "சிரிச்சிட்டு எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து வந்திருப்பேன்."

உட்கார இடம் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் கட்டிலுக்குக் கீழே கை காட்டினான்.

"அந்தப் பாட்டில எடுங்க. இவ இறால் கம்பெனிக்குப் போயிருவா, அம்மா மார்க்கெட்டுக்குப் போயிரும். மணி பன்னெண்டு ஆனா எனக்கு முட்டும். குனிஞ்சு எடுக்க முடியாது. ரெண்டு நாளு படுக்கையிலேயே போயிட்டேன்."

எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வளைந்த கழுத்துப் பாட்டில்.

"குடுத்தாப் பத்தாது. போர்வைய விலக்கிட்டுச் சரியாப் பிடிங்க. அந்தக் கம்பியில கை படாம."

பிடித்தேன். அவன் என்னைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்க முயலவும் இல்லை.

"மொதல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு" என்றான். "பொண்டாட்டிட்ட, அம்மாட்ட, நர்சுட்ட, அடுத்த பெட்டுக்காரன் மகன்ட்ட, எல்லார்ட்டயும் கேட்டுக் கேட்டுப் போயிருச்சு."

முடிந்ததும் பின்னால் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, அவன் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தேன்.

"எட்டாதுண்ணே. இடுப்பத் திருப்ப முடியாது." கண்ணை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டே கேட்டான். "நாளைக்கு வாறியளா?"

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. பதினொன்றுக்கே கிளம்புகிறேன்.